திருப்பி அனுப்பச் சொன்ன அம்மா

இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு லண்டனில் ஒரு பூட்ஸ் பாலிஷ் கம்பெனியில் வேலை பார்த்த பையனுக்கு ஒருநாள் திடீரென்று சீட்டுக் கிழிந்தது. அவனுடைய அப்பாவுக்கும் கம்பெனியை நடத்திவந்த உறவுக்காரருக்கும் மனஸ்தாபம். அப்பா எழுதிய கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்ததே அந்தப் பையன்தான். படித்துவிட்டு உறவுக்காரர் அப்பாவைத் திட்டித் தீர்த்தார். பையனிடம் மட்டும் தன்மையாக, இவ்வளவுக்குப் பிறகு உன்னை இங்கே வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். பையன் அழுதான்; பிறகு வீட்டுக்கு வந்தான். மறுநாளே அம்மா புறப்பட்டுப் போனார். உறவுக்காரரிடம் பேசிச் சமாதானம் செய்தார். பையன் நாளைக் காலையே வேலைக்கு வரலாம், அவனைப் பற்றி மிக நல்லவிதமாகச் சொல்கிறார்கள் என்ற செய்தியோடு திரும்பினார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. இனி அவன் அங்கே போக வேண்டாம், பள்ளிக்கூடம் போகட்டும் என்றார். அதுவே நடந்தது. அந்தப் பையன் சார்லஸ் டிக்கன்ஸ். இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, இங்கிலாந்தே கொண்டாடும் எழுத்தாளரான பிறகு, இதைத் தாளில் இறக்கிவைத்தபோது, தனக்கு யார்மீதும் கோபம் இல்லை என்று முதலில் சொல்கிறார். அடுத்த மூச்சிலேயே, தன்னைத் திருப்பி அனுப்புவதில் அம்மா முனைப்பாக இருந்ததைத் தன்னால் மறக்க முடியாது என்பதை ஒரே வாக்கியத்தில் மூன்று விதமாகத் திருப்பித் திருப்பிச் சொல்கிறார்.

உறுத்துவது அம்மா போய்வந்த அந்த ஒரு நடைதான். கடன் வாங்கியது அப்பா. கடனுக்காகச் சிறைக்குப் போனவரும் அவரே. பிள்ளை பாலிஷ் டப்பாக்களுக்கு நடுவே கிடந்த நாட்களில், சிறையிலிருந்து விடுதலையாகி வந்த பிறகும்கூட, அவர் அவனை மீட்க ஒன்றும் செய்துவிடவில்லை. அந்த அப்பாவை டிக்கன்ஸ் மன்னித்துவிட்டார். அம்மா செய்தது ஒருநாள் காரியம்; அதுவும் பலிக்கவில்லை. பலிக்காத அந்தக் காரியம்தான் மன்னிக்கப்படாமல் நின்றது. பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். இங்கே பெற்ற மனம் வீட்டு வரவுசெலவைப் பார்த்தது. பிள்ளை மனம் அதைத் தன் கல்லிலேயே வெட்டிவைத்துக்கொண்டது. நாவலாசிரியரின் சொந்த வாழ்க்கை அவருடைய நாவலுக்குள் எப்படிப் போய்ச் சேருகிறது என்பது பெரிய கேள்வி. அதை மொத்தமாகத் தூக்கிச் சுமப்பதைவிட, இந்த ஒரு நடை எங்கே போயிற்று என்று தேடுவது பயன் தரும். தன் இளமையை டிக்கன்ஸ் மிக நேரடியாகக் கையாண்ட நாவல் 'டேவிட் காப்பர்ஃபீல்ட்'. 1849 மே முதல் 1850 நவம்பர் வரை மாதத் தவணைகளாக வந்தது. தன் புத்தகங்களிலேயே இதுதான் தனக்குச் செல்லப்பிள்ளை என்று பிற்காலத்தில் முன்னுரையில் சொல்லிக்கொண்டார். அந்த நாவலில் கம்பெனி இருக்கிறது, கூலி இருக்கிறது, பசி இருக்கிறது, கடன்காரர் சிறை இருக்கிறது. திருப்பி அனுப்பச் சொன்ன அம்மா இல்லை.

இவையெல்லாம் நமக்குத் தெரியவந்ததே பிற்பாடுதான். 1847இல் டிக்கன்ஸின் நெருங்கிய நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் ஒரு விஷயத்தைத் தற்செயலாகக் கேட்டார். அப்பாவின் பழைய அலுவலக நண்பர் ஒருவர், சிறுவன் சார்லஸை ஸ்ட்ராண்டு பக்கம் ஒரு கம்பெனியில் பார்த்துக் கையில் அரைக் கிரவுன் காசு கொடுத்ததாகவும், பையன் குனிந்து வணக்கம் சொன்னதாகவும் நினைவுகூர்ந்திருந்தார். உண்மைதானா என்று ஃபார்ஸ்டர் கேட்டதும் டிக்கன்ஸ் சில நிமிடங்கள் பேச்சற்றுப்போனார். பிறகு கொஞ்ச காலத்தில் தன் குழந்தைப் பருவத்தைப் பற்றி எழுதிவைத்திருந்த தாள்களை அவரிடம் கொடுத்தார். டிக்கன்ஸ் 1870இல் இறந்தார். 1872 முதல் 1874 வரை மூன்று தொகுதிகளாக ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் அந்தத் தாள்கள் அச்சேறின. பிள்ளைகளே அதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டார்கள். டிக்கன்ஸ் கொண்டாடிய கடைசி கிறிஸ்துமஸில் வீட்டில் ஒரு ஞாபக விளையாட்டு நடந்தது. ஆளுக்கொரு சொல்லாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். தன் முறை வந்தபோது அவர் ஒரு பாலிஷ் கம்பெனியின் பெயரையும் முகவரியையும் சொன்னார். குரலிலும் கண்ணிலும் ஏதோ ஒரு மாற்றம் தெரிந்தது. அது என்னவென்று அங்கிருந்த யாருக்கும் விளங்கவில்லை என்று மகன் ஹென்றி பின்னாளில் எழுதினார். பெற்றோரும் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை என்கிறார் டிக்கன்ஸ். ஆக, நாவல் வெளிவந்தபோது அதன் எந்தப் பக்கம் வாழ்க்கை, எந்தப் பக்கம் கற்பனை என்று பிரித்துச் சொல்லக்கூடியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. அந்தச் சிலரில் அம்மாவும் ஒருவர். எலிசபெத் டிக்கன்ஸ் 1863 வரை உயிரோடு இருந்தார்.

தாள்களையும் நாவலின் பதினோராம் அத்தியாயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் முதலில் தோன்றுவது வியப்பு. பல பத்திகள் கிட்டத்தட்ட அப்படியே இடம் மாறியிருக்கின்றன. நிஜத்தில் வேலை இதுதான்: நிரப்பிய பாலிஷ் டப்பாவின் வாயில் எண்ணெய்த்தாள் ஒன்று, அதன்மேல் நீலத்தாள் ஒன்று; சுற்றிலும் நூல் கட்டி, தாளின் ஓரத்தை மருந்துக்கடைக் களிம்பு டப்பாபோல நறுவிசாக வெட்டி, கடைசியில் அச்சிட்ட லேபிள் ஒட்ட வேண்டும். வாரம் ஆறோ ஏழோ ஷில்லிங். நாவலில் பாலிஷ் போய் ஒயின் வருகிறது. டப்பா பாட்டில் ஆகிறது. பன்னிரண்டு வயது பத்தாகக் குறைகிறது. மற்றபடி இருக்கும் காசை வாரம் முழுவதற்கும் பங்குபோட்டு வைப்பது, வழியில் பலகாரக் கடையைப் பார்த்ததும் மதியச் சாப்பாட்டுக் காசைக் கரைத்துவிடுவது, பெரிய மனிதன்போலக் கடைக்குள் போய் உயர்ந்த ரக பீர் கேட்பது எல்லாம் அப்படியே வந்துவிடுகின்றன. சொல்ல முடிந்தவை அதிகம் மாறவில்லை. மாறியது வீடு. நிஜத்தில் சார்லஸுக்கு அப்பா, அம்மா, அக்கா, தம்பி தங்கைகள் எல்லோரும் இருந்தார்கள். அக்கா ஃபேனி அதே ஆண்டில், 1824இல், ராயல் இசைக் கல்விக்கூடத்தில் படித்துப் பரிசு வாங்கினாள். அவளுடைய கட்டணம் ஆண்டுக்கு 38 கினி. அந்தப் பரிசளிப்பைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி கண்ணீர் விட்டான். டேவிட்டுக்கு அக்கா கிடையாது. அப்பா அவன் பிறக்கும் முன்பே இறந்துவிட்டார். அம்மா கிளாரா, அவன் கம்பெனிக்கு அனுப்பப்படுவதற்குச் சற்று முன்பு இறந்துபோகிறாள். ஆட்டக்காரர்களையெல்லாம் களத்திலிருந்து இறக்கிய பிறகே டிக்கன்ஸால் அந்த ஆட்டத்தை விவரிக்க முடிந்திருக்கிறது.

இங்கே ஒரு தடை எழும். அனாதைக் குழந்தை என்பது ஆங்கில நாவலுக்குப் புதிதா என்ன? 'டாம் ஜோன்ஸ்' நாவலின் நாயகன் பெற்றோர் தெரியாமல் வளர்ந்தவன். 1847இல் வந்த 'ஜேன் அய்ர்' அனாதைப் பெண் தன் கதையைச் சொல்வதுதான். டிக்கன்ஸே ஆலிவர் டுவிஸ்ட்டை அனாதையாகப் படைத்திருந்தார். பெற்றோர் இல்லாத குழந்தையை ஊர் ஊராகத் துரத்தலாம். வாசகரின் இரக்கத்தைச் சுலபமாகச் சம்பாதிக்கலாம். தொடர்கதைக்கு வசதியான இந்த வழக்கத்துக்குப் போய் எதற்காக ஆசிரியரின் ரணத்தைத் தோண்ட வேண்டும்? நியாயமான தடைதான். ஆனால் வழக்கம் என்பது எல்லோருக்கும் பொதுவாகக் கிடைக்கும் கருவி. அதை ஒருவர் எந்த இடத்தில் எடுக்கிறார் என்பதில்தான் அவருடைய கை தெரியும். கிளாரா முதல் அத்தியாயத்திலேயே இறக்கவில்லை. அவளை நாம் நன்றாகப் பழகித் தெரிந்துகொள்கிறோம். மடியில் வைத்து மகனுக்கு எழுத்துச் சொல்லித்தருகிறாள். நிஜத்திலும் டிக்கன்ஸுக்கு எழுத்தறிவித்து, படிப்பில் ஆசையூட்டி, கொஞ்சம் லத்தீனும் சொல்லித்தந்தது அம்மாதான். பிறகு கிளாரா மறுமணம் செய்துகொள்கிறாள். புதுக் கணவன் மர்ட்ஸ்டோன் மகனைப் பிரம்பால் அடிக்கும்போது தடுக்கத் திராணியில்லாமல் அழுகிறாள். அன்பும் இயலாமையும் அவளுக்கு, கல்நெஞ்சு மர்ட்ஸ்டோனுக்கு, கடனும் சிறையும் வாய்ச்சவடாலும் டேவிட்டுக்குத் தங்க இடம் கொடுத்த மிக்காபருக்கு. ஒரே வீட்டில், இரண்டே பேரிடம் இருந்த குணங்கள் நாலைந்து பேருக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. குற்றம் எல்லோரிடமும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும்படி செய்துவிட்டால், யாரையும் நேராகக் கைகாட்ட வேண்டியதில்லை. கம்பெனிக்கு அனுப்பும் பாவம் மட்டும் முழுசாக மாற்றான் தலையில் விழுகிறது.

அம்மாவைச் சாகடித்து அவரைக் குற்றத்திலிருந்து காப்பாற்றினார், அவ்வளவுதான் என்று இதை முடித்துவிடலாம். அப்படிச் சொல்லும் விமர்சனங்கள் உண்டு; அது பாதி உண்மைதான். ஆனால் நாவலின் பதினான்காம் அத்தியாயம் அதற்கு இடம்கொடுக்கவில்லை. டேவிட் கம்பெனியிலிருந்து ஓடிப்போய், டோவரில் இருக்கும் அப்பா வழி அத்தைப்பாட்டி பெட்சி ட்ராட்வுட் வீட்டில் அடைக்கலம் புகுந்திருக்கிறான். மர்ட்ஸ்டோனும் அவன் தமக்கையும் அவனைத் திரும்பக் கூட்டிப்போக வந்து நிற்கிறார்கள். கேள்வி ஒன்றே ஒன்று: பையன் திரும்பப் போக வேண்டுமா, வேண்டாமா? பெட்சி முதலில் பையனையே கேட்கிறாள். அவன் வேண்டாம் என்று கெஞ்சுகிறான். வீட்டில் இருக்கும் சற்றுப் புத்தி பிசகிய மிஸ்டர் டிக்கிடம் ஆலோசனை கேட்கிறாள். அவர், பையனுக்கு உடனே ஒரு புதுத் துணி தைக்க அளவெடுங்கள் என்கிறார். போதும், தீர்ப்பு ஆயிற்று. பெட்சி அந்த இருவரையும் வாயடைத்து வாசலுக்கு அனுப்புகிறாள். பையன் பள்ளிக்கூடம் போகிறான். நிஜத்தில் நடந்த அதே விசாரணைதான் இது. திருப்பி அனுப்புவதா, வைத்துக்கொள்வதா, கம்பெனியா, பள்ளிக்கூடமா. அன்றைக்குத் திருப்பி அனுப்பு என்றவர் ஒரு பெண், வேண்டாம் என்றவர் ஓர் ஆண். நாவலில் திருப்பி அனுப்ப வந்தவன் ஆண், முடியாது என்று மறித்து நிற்பவள் பெண். அப்பா உண்மையில் செய்த அந்த ஒரே நல்ல காரியத்தை அவரிடமிருந்து பறித்து ஒரு பெண் கையில் கொடுத்திருக்கிறார் டிக்கன்ஸ். நாவலில் அம்மாவின் நடை இல்லை என்று மேலே சொன்னேனே, அது இருக்கிறது. எதிர்த் திசையில் நடக்கிறது.

அந்தக் காட்சியில் சாட்சியாக நிற்கும் மிஸ்டர் டிக்கை விட்டுவிட்டு மேலே போக முடியவில்லை. இந்த நாவலை எப்போதோ படித்து முக்கால்வாசி மறந்தவர்களுக்கும் அவர் நினைவில் இருப்பார். பல ஆண்டுகளாக ஒரு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறார். அதை முடிக்க முடியவில்லை. எழுத உட்காரும்போதெல்லாம், வெட்டுப்பட்டுச் செத்த முதலாம் சார்லஸ் மன்னரின் தலை எங்கிருந்தோ அந்த விண்ணப்பத்துக்குள் புகுந்துவிடுகிறது. தலை வந்துவிட்டால் தாள் கெட்டது; முதலிலிருந்து தொடங்க வேண்டும். கெட்ட தாள்களை ஒட்டிப் பெரிய காற்றாடி செய்து பறக்கவிடுகிறார். அவருக்கு முன்பு நேர்ந்த ஒரு பெரிய துயரத்தை அவர் இப்படித்தான் உருவகப்படுத்திக்கொள்கிறார் என்று பெட்சி டேவிட்டுக்கு விளக்குகிறாள். சிரிக்கவைக்கும் கிறுக்கனாகவே பலரும் அவரைக் கடந்துபோகிறார்கள். ஆனால் டிக் என்று பெயர் வைத்த ஒருவரின் எழுத்துக்குள் சார்லஸ் என்பவரின் தலை வந்து விழுந்துகொண்டே இருக்கிறது என்று எழுதியவர் சார்லஸ் டிக்கன்ஸ். தன்வரலாற்று நாவல் பற்றிய கோட்பாடு ஒன்று அந்த நாவலுக்குள்ளேயே நகைச்சுவை வேடம் போட்டு உட்கார்ந்திருக்கிறது என்றே இதைப் படிக்கத் தோன்றுகிறது. எழுதுகிறவர் தன் வாழ்க்கை முழுவதையும் எழுத்தில் கொண்டுவருவதில்லை; கொண்டுவரவும் அவசியமில்லை. வேண்டாம் என்று ஒதுக்கிய ஏதோ ஒன்று மட்டும், ஒதுக்க ஒதுக்க, வேறு உருவத்தில் வந்து நிற்கும். டேவிட்டைத் திரும்ப அனுப்பாதே என்று சொல்லும் உரிமையை டிக்கன்ஸ் போயும் போயும் இந்த மனிதருக்கு ஏன் கொடுத்தார் என்பதும் அப்போது கொஞ்சம் விளங்குகிறது.

இரண்டாவது தடை இன்னும் நடைமுறை சார்ந்தது. அம்மா உயிரோடு இருக்கிறார். நாவலை நாடே படிக்கிறது. பெற்றவளைச் சந்தியில் நிறுத்த எந்தப் பிள்ளைக்கு மனசு வரும்? மாற்றி எழுதியது வெறும் நாகரிகம்தானே? டிக்கன்ஸின் வழக்கம் இதற்கு எதிராக இருக்கிறது. உயிரோடு இருந்தவர்களைக் கதையில் இழுப்பதற்கு அவர் கூசியவர் அல்லர். இதே நாவலில் வரும் மிஸ் மௌச்சர் என்ற குள்ள உருவப் பெண்ணை, அக்கம்பக்கத்தில் வசித்த ஒரு பெண்மணியைப் பார்த்து வரைந்தார். அந்தப் பெண்மணி மனம் நொந்து எழுதிய பிறகு, பின்வந்த தவணையில் அந்தப் பாத்திரத்தை நல்லவளாகத் திருப்ப வேண்டியதாயிற்று. அதன் பிறகும் பாடம் படித்ததாகத் தெரியவில்லை. 'ப்ளீக் ஹவுஸ்' நாவலின் ஸ்கிம்போல் என்ற பாத்திரத்தில் கவிஞர் லீ ஹன்ட்டை நண்பர்கள் உடனே அடையாளம் கண்டார்கள். அம்மாவையே அவர் விட்டுவைக்கவில்லை. 'நிக்கோலஸ் நிக்கிள்பி'யில் தொடர்பில்லாமல் பேசிக்கொண்டே போகும் திருமதி நிக்கிள்பி அவருடைய அம்மாதான். இப்படியும் ஒரு பெண் உலகத்தில் இருப்பாளா என்று அந்த அம்மாவே தன்னைக் கேட்டதாக டிக்கன்ஸ் கடிதத்தில் எழுதிச் சிரிக்கிறார். குடும்பம் நொடித்தபோது எலிசபெத் டிக்கன்ஸ் பித்தளைப் பெயர்ப்பலகை மாட்டிப் பள்ளிக்கூடம் தொடங்கினார், ஒரு பிள்ளைகூடச் சேரவில்லை; அதைக்கூடத் திருமதி மிக்காபருக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறார். ஆக அம்மாவைக் கேலி செய்ய அவருக்குத் தயக்கம் இல்லை. கேலி செய்ய முடிந்தவரைக் குற்றம் சாட்ட மட்டும் முடியவில்லை. நாகரிகம் என்ற விளக்கம் இங்கே நின்றுபோகிறது. கேலியை எல்லோர் முன்னும் சொல்லலாம். கேட்பவரும் சேர்ந்து சிரிப்பார். குற்றச்சாட்டுக்குப் பதில் வேண்டும். பதில் வந்துவிட்டால் என்ன செய்வது?

இதுவரை வந்த வாதம் ரொம்ப ஒழுங்காக இருக்கிறது. காயம் பட்ட இடத்தில் நாவலாசிரியர் நியாயம் செய்துகொள்கிறார் என்று ஒரு சூத்திரமாகவே எழுதிவிடலாம்போலிருக்கிறது. அதைக் குலைக்கிற சான்று ஒன்று உண்டு: பாப் ஃபேகின். முதல்நாள் கம்பெனியில் சார்லஸுக்கு நூல் கட்டும் நுணுக்கத்தைச் சொல்லிக்கொடுத்தவன் இந்தப் பையன்தான். ஒருநாள் சார்லஸுக்கு விலாவில் கடுமையான வலி. பாப் காலி பாட்டில்களில் வெந்நீர் நிரப்பி அரை நாள் ஒத்தடம் கொடுத்தான். மாலையில் தனியாக விட மனமில்லாமல் வீடுவரை கூடவே வந்தான். சார்லஸின் குடும்பம் கடன்காரர் சிறையில் இருந்தது. அதைக் காட்ட அவமானம். சதர்க் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் படியில் நின்று, இதுதான் என் வீடு என்று கைகுலுக்கி விடைகொடுத்தான். பாப் திரும்பிப் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று கதவையும் தட்டினான். திறந்த பெண்ணிடம், ராபர்ட் ஃபேகின் வீடு இதுதானா என்று கேட்டு வைத்தான். இத்தனை ஈரமான பிள்ளையின் பெயரை டிக்கன்ஸ் எதற்கு வைத்தார்? பையன்களைத் திருடப் பழக்கும் கிழவனுக்கு. 'ஆலிவர் டுவிஸ்ட்'டின் வில்லனுக்கு. இங்கே எந்த நியாயம் செய்யப்படுகிறது? காயப்படுத்திய அம்மாவுக்கு நாவலில் கருணையும் மாற்று உருவமும் கிடைக்கின்றன; ஒத்தடம் கொடுத்தவனுக்குத் தூக்குமேடை. அந்த இடத்தில் தன்னிடம் அன்பு காட்டியவன், தான் அந்த இடத்தைச் சேர்ந்தவன்தான் என்பதற்கும் சாட்சியாகிவிட்டான் போலும். அவனோடு பழகப் பழகத் தானும் அவனாகிவிடுவோம் என்ற பயம் பெயரில் ஒட்டிக்கொண்டது என்று சொல்லலாம். சரியான விளக்கம்தானா என்பது வேறு. வாழ்க்கையிலிருந்து நாவலுக்குப் போகும் பாதை நேர்க்கோடு இல்லை என்பதற்கு மட்டும் இது போதும். நல்லவனை நல்லவனாகவும் கெட்டவரைக் கெட்டவராகவும் அது கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை.

இப்படியெல்லாம் ஆசிரியரின் வீட்டுக்குள் எட்டிப்பார்ப்பதே தவறு என்பவர்களும் உண்டு. அவர்களில் வலுவான குரல் பிரெஞ்சு நாவலாசிரியர் மார்செல் ப்ரூஸ்டுடையது. ஆசிரியரின் பழக்கவழக்கம், நட்பு, கடிதம் இவற்றை விசாரித்து நூலை எடைபோட்ட விமர்சகர் செயின்ட் பூவை மறுத்து அவர் எழுதியவை, அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து 1954இல் நூலாயின. நாலு பேரோடு பழகும் மனிதன் வேறு, நூலை எழுதுபவன் வேறு என்பது அவர் வாதத்தின் சாரம். ஒப்புக்கொள்ள வேண்டிய வாதம்தான். 1850இல் 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' படித்து அழுதவர்களுக்கு பாலிஷ் கம்பெனி பற்றி எதுவும் தெரியாது. நாவல் அவர்களுக்குக் குறைவைக்கவில்லை. ஆகவே படிப்பதற்கு வாழ்க்கை தேவையில்லை. ஆனால் எப்படி எழுதப்பட்டது என்று கேட்பது தனிக் கேள்வி. அதற்கு வாழ்க்கை உதவும். அதோடு, ஒன்றும் தெரியாத வாசகருக்குக்கூட நாவலில் ஓர் இடம் இடறும். டேவிட் பாட்டில் கழுவியது சில காலம்தான். அவன் படும் வெட்கமோ அதற்குச் சம்பந்தமில்லாத அளவுக்குப் பெரியது. பள்ளியில் சேர்ந்த பிறகு, கூடப் படிக்கும் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டால் என்ன நினைப்பார்களோ என்று கூனிக்குறுகுகிறான். பிறகு அந்தக் கம்பெனி கதையிலிருந்தே ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. அதிலிருந்து எந்தப் பெரிய திருப்பமும் பிறப்பதில்லை. தேர்ந்த கதைசொல்லி இவ்வளவு பாரத்தை ஏற்றிவிட்டு இறக்காமல் போவதில்லை. பாரம் கதைக்கு வெளியிலிருந்து வந்தது. அதனால்தான் கதைக்குள் அதை இறக்க இடம் இல்லை. ப்ரூஸ்ட் சொல்லும் அந்த இன்னொரு மனிதனின் கையெழுத்தே இங்கே கொஞ்சம் நடுங்குகிறது.

எல்லாவற்றையும்விடக் கடுமையான தடையை யாரும் எழுப்பும் முன் நாமே எழுப்பிக்கொள்ள வேண்டும். அம்மா அப்படிச் சொன்னார் என்பதற்கு என்ன சாட்சி? டிக்கன்ஸின் தாள்கள் மட்டும்தான். அவற்றை எழுதியவர் முப்பத்தைந்து வயதை ஒட்டிய, பத்தாண்டுகளுக்கும் மேலாக நாவல் எழுதிப் பழகிய கை. கம்பெனியில் எத்தனை மாதம் இருந்தோம் என்பதே தனக்குத் தெரியாது என்று அவரே சொல்கிறார். ஆனால் அம்மாவின் முனைப்பு மட்டும் துல்லியமாக நினைவிருக்கிறது. அந்த அம்மாவின் பக்கத்தைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தால், 40 பவுண்டு கடனுக்காகக் கணவனைச் சிறைக்கு அனுப்பி, வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக அடகுக்கடைக்கு ஏற்றி, சின்னக் குழந்தைகளோடு சிறைக்குள்ளேயே குடியிருந்துவிட்டு வந்தவர். வருகிற ஆறேழு ஷில்லிங்கும் நின்றுபோய், உதவிய உறவும் முறிந்தால் என்ன ஆகும் என்று அவர் பயந்ததில் என்ன தப்பு? உறவுக்காரரோடு சண்டை இழுத்தது அப்பா; அதைத் தீர்க்க நடந்தது அம்மா. இப்படிச் சொன்னால் கதையே வேறு. டிக்கன்ஸ் அப்படிச் சொல்லவில்லை. அம்மா என்ன நினைத்தார் என்பதற்குள் அவர் தாள்கள் நுழைவதேயில்லை. ஒருவரை மன்னிக்காமலிருக்க அவருக்குள் நுழையாமலிருப்பதே வழி. ஆனால் நாவலாசிரியரின் தொழிலே அடுத்தவருக்குள் நுழைவது. அப்படியானால் அந்தத் தாள்கள் வாழ்க்கை என்றும், நாவல் அதன் மாற்றுரு என்றும் நாம் வைத்துக்கொண்டதே கேள்விக்குள்ளாகிறது. தாள்களில் இருப்பது ஒரு வில்லியை மையமாகக் கொண்ட சிறுகதை. நாவலில் இருப்பது கிளாரா, பெட்சி, திருமதி மிக்காபர் என்று மூன்று பெண்களாகப் பிரிந்து, கூடுதல் நியாயத்தோடு பார்க்கப்பட்ட ஓர் அம்மா. எது வாழ்க்கைக்கு அருகில் இருக்கிறது?

எழுதிவிட்டால் தீர்ந்துவிடும் என்று சொல்வார்கள். டிக்கன்ஸுக்குத் தீரவில்லை. 1855 முதல் 1857 வரை வந்த 'லிட்டில் டாரிட்'டில், அப்பா அடைபட்டிருந்த அதே மார்ஷல்சீ சிறைக்குத் திரும்பினார். இந்த முறை சிறையில் இருக்கும் அப்பாவைத் தாங்கிப் பிடிப்பது தன்னலமில்லாத ஒரு மகள். 1860இல் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' தொடங்கும்போது, சொன்னதையே திரும்பச் சொல்லிவிடக்கூடாதே என்று 'டேவிட் காப்பர்ஃபீல்ட்'டை மறுபடி படித்துப் பார்த்தார். அதிலும் பெற்றோரை இழந்த பையன்தான், பெயர் பிப். வளர்ப்பது எதற்கும் கைநீட்டி அடிக்கும் அக்கா. ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. பிப் வெட்கப்படுவது, தன்னிடம் கள்ளமில்லாத அன்பு காட்டிய கொல்லன் ஜோவைப் பற்றி. அப்படி வெட்கப்பட்டதற்காகப் பின்னால் இன்னும் அதிகமாக வெட்கப்படுகிறான். ஒத்தடம் கொடுத்த பாப் ஃபேகினுக்குச் சேர வேண்டியது இருபது ஆண்டுகள் தாமதமாக ஜோவின் பெயரில் வந்து சேர்ந்ததா என்று கேட்கத் தோன்றுகிறது. அம்மாவுக்குச் சேர வேண்டியது அப்படி வந்ததாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை. திருத்தி எழுதுவது மன்னிப்பா, அல்லது மன்னிக்க மறுப்பதை நாகரிகமாகச் செய்யும் முறையா என்பதில்தான் எல்லாம் வந்து நிற்கிறது. பெட்சி வாசலை மறித்து நிற்கும் காட்சியை, இப்படிச் சொல்லியிருக்கலாமே அம்மா என்ற ஏக்கமாகப் படித்தால் அதில் அன்பு தெரிகிறது. ஒரு தாய் சொல்ல வேண்டியது இதைத்தான் என்று நாடறியச் சுட்டிக்காட்டியதாகப் படித்தால் அதில் தீராத வழக்கு தெரிகிறது. இரண்டு வாசிப்புக்கும் நாவல் சான்று தருகிறது. ஒன்றைத் தேர்ந்தெடு என்றால், படிக்கிற நாளைப் பொறுத்து என் பதில் மாறும் என்பதைத் தவிர உறுதியாக எதையும் சொல்ல முடியாது.